அவளுக்கென்று கட்டிய அறை

1970களிலும் 80களிலும் தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர வீட்டின் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கைவேலையாகத்தான் இருக்கும். உள்வாசல் நிலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிய ‘வெல்கம்’. மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்ட இரண்டு கிளிகள். ரேடியோவுக்கு, சில வருஷம் கழித்து டிவிக்கு, ஓரத்தில் குரோஷா பின்னிய உறை. ஷோகேஸுக்குள் மணி கோத்த அன்னம், உல்லன் நாய்க்குட்டி, முட்டை ஓட்டில் கண்ணும் மூக்கும் வரைந்த பொம்மை, ஐஸ் குச்சியில் கட்டிய வீடு. உடைந்த கண்ணாடி வளையல்களை மெழுகுவத்திச் சுடரில் காட்டி வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த தோரணம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டிய சரம். ஆணியில் தொங்கும் ஒயர் கூடை.

செய்தவளின் பெயர் பெரும்பாலும் எதிலும் இருக்காது. சில தலையணை உறைகளின் மூலையில் பெயரின் முதலெழுத்து பூ வேலையோடு இருக்கும். அதற்கு முன்னால் அப்பாவின் இனிஷியலும் இருக்கும்.

பெண்பிள்ளைகளின் கைவேலையைப் பற்றிப் பேசினால் ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெண்ணியம் பேசுகிற நாமும் பல சமயம் அப்படித்தான். அடுப்படியைப் பற்றி, கோலத்தைப் பற்றி, தாலாட்டைப் பற்றி எழுதிய அளவுக்கு ஒயர் கூடையைப் பற்றி எழுதவில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு நம் ஊரில் இருநூறு வருஷத்து வரலாறு உண்டு. அதன் தொடக்கம் பொழுதுபோக்கில் இல்லை. கூலியில் இருக்கிறது.

1819இல் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் பாதிரியாரின் மனைவி ஜோஹன்னா மீட் பெண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதே வருஷம் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இறுக்கி அடைத்த ஒரு தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள். துளைக்குத் துளை குண்டூசி. நூல் சுற்றிய சிறு கட்டைகள் பத்து, இருபது, சில வேலைகளுக்கு இன்னும் அதிகம். இடது கையிலும் வலது கையிலும் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஊசியைச் சுற்றி நூலை முறுக்க முறுக்க, விரல் அளவு அகலத்துக்கு ஒரு பூ பிறக்கும். ஒரு முழம் லேஸுக்கு எத்தனை நாள் போகும் என்பது பூவின் நுணுக்கத்தைப் பொறுத்தது. விற்றது ஐரோப்பியப் பெண்களுக்கு; அவர்களின் கழுத்துப் பட்டிக்கும் கைநுனிக்கும்.

பின்னியவர்கள் யார் என்பதை நின்று பார்க்க வேண்டும். அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார், சாம்பவர் உள்ளிட்ட சமூகங்களின் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைத்துத் துணி போடக்கூடாது. அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1855இல்தான் அரசு அதை முழுதாக ஒழித்து அறிவித்தது. தங்கள் உடம்பில் ஒரு மேல்துண்டைப் போட்டதற்காகச் சந்தையில் அடிபட்ட சமூகத்தின் பெண்கள், இன்னொரு நாட்டுச் சீமாட்டியின் சட்டைக் கழுத்துக்கு லேஸ் பின்னினார்கள். மிஷன் பெண்கள் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயம் ஒருபக்கம் தோள்சீலைப் போராட்டத்தின் நடுவில் கிழிபட்டது. அந்தப் போராட்டம் 1822இலும் 1827–29இலும் 1858–59இலும் மூன்று முறை வெடித்து, 1859 ஜூலையில் வந்த அரச அறிவிப்போடு ஓரளவு அடங்கியது. மறுபக்கம், அதே கைகள் பின்னிய லேஸ் விலைபோனது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்ததாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

இதை மிஷனின் கருணைக் கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. லேஸ் விற்ற பணத்தில் பள்ளியும் நடந்தது. விலை வைத்ததும் வாங்குபவரைத் தேடியதும் பின்னியவர்கள் அல்ல. பெண் என்றால் குனிந்து உட்கார்ந்து நுணுக்கமாக ஊசி பிடிப்பவள் என்ற அன்றைய இங்கிலாந்தின் எண்ணமும் அந்தத் தலையணையோடு சேர்ந்தே கப்பலேறி வந்தது. வயலில் நாற்று நட்டும் பனைவெல்லம் காய்ச்சியும் பழகிய பெண்களுக்கு ‘இதுதான் பெண்மை’ என்று ஒரு புதிய பாடம் வந்தது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. நம் மண்ணில் பள்ளிக்கூடத்தில் கற்ற ஊசிவேலை, முதலில் காசாகத்தான் கைக்கு வந்தது. அந்தக் காசுக்கு, ஓர் ஆளின் விடுதலையை வாங்கும் அளவுக்கு மதிப்பு இருந்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். பெண்பிள்ளைகளுக்கான பள்ளியும் லேஸ் வேலையும் அவரோடு அந்தத் தேரிக்காட்டு ஊருக்குள் போயின. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளியானது; 1968இல் மெரினாவில் அவருக்குச் சிலையும் வைத்தோம். இடையன்குடியில் லேஸ் பின்னிய பெண்களின் பெயர்ப் பட்டியல்கூட நம் பாடப்புத்தகங்களுக்குள் வரவில்லை.

லேஸ் எப்படி ‘பொழுதுபோக்கு’ ஆனது? பள்ளிக்கூடம் அரசின் கைக்கும் நடுத்தர வர்க்கத்தின் கைக்கும் வந்தபோது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்சாதி வீடுகள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கின. படித்தால் கடிதம் எழுதுவாள், கடிதம் எழுதினால் கெட்டுப்போவாள் என்ற பயம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அந்தப் பயத்துக்குப் பதிலாகப் பள்ளிகள் நீட்டியவற்றில் ஒன்று ஊசி. கணக்கும் பூகோளமும் படிப்பாள்தான். கூடவே தையலும் படிப்பாள், குடும்பத்துக்கு ஏற்றவளாகத்தான் வருவாள் என்று ஓர் உத்தரவாதம். பெண்கள் பள்ளியின் கால அட்டவணையில் ஊசிவேலை தனிப் பாடமாக உட்கார்ந்தது. காசுக்காகப் பின்னுவது ஏழை விடுதிப் பிள்ளைகளின் வேலை. காசு வாங்காமல் பின்னுவது நல்ல குடும்பத்துப் பெண்ணின் லட்சணம். ஒரே வகுப்பறைப் பாடம், ஒரே சங்கிலித் தையல். சாதியும் வர்க்கமும் அதை இரண்டாகப் பிரித்தன.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பிரிவினைக்கு நடுவில் சில பெண்கள் நுழைந்தார்கள். சகோதரி சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் தொடங்கிய விதவையர் இல்லமும், முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லமும் கணவனோ குடும்பமோ சோறு போடாத பெண்களுக்காக எழுந்தவை. அங்கே படிப்பு என்பது சொந்தக் காலில் நிற்பதற்கான வழி. கைத்தொழிலையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாக வேண்டியிருந்தது. ஆனால் வெளியே இருந்த பொதுப் பள்ளிகளின் தையல் வகுப்பு அந்தப் பாதையில் போகவில்லை.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இங்கே முக்கியம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்க வேண்டும். திராவிடர் இயக்கம் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் அது பெரிய வெற்றி. சிரைப்பவர் மகன் சிரைக்கத்தான் வேண்டுமா, வெளுப்பவர் மகன் வெளுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓர் அரசே பின்வாங்கியது.

அந்த மீதி நேரத்தில் மகள் என்ன கற்றிருப்பாள்? அப்பாவின் தொழிலை அல்ல. அம்மாவின் அடுப்பை, துடைப்பத்தை, ஊசியை. அது எல்லாச் சாதியிலும் ஒன்றுதான். ‘அடுப்பூதுகிறவள் மகள் அடுப்பூதத்தான் வேண்டுமா’ என்ற கேள்வி மேடைகளில் அந்த அளவு உரக்க எழவில்லை. இத்தனைக்கும் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணின் சொத்துரிமை பற்றித் தீர்மானம் போட்ட இயக்கம் அது. சாதியின் குலத்தொழில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பெண்ணின் குலத்தொழில் தையல் பீரியடாக உள்ளேயே இருந்தது. 1960களில் ஹன்சா மேத்தா தலைமையிலான குழு, ஆரம்பக் கல்வியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம்தான் இருக்க வேண்டும் என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு ‘சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை’ என்று ஒரு நீண்ட பெயரைக் கொடுத்தது. பெயர் மாறியது. பையன்கள் தோட்டத்துக்கோ நெசவுக்கோ போனார்கள், அல்லது பந்தோடு மைதானத்துக்கு ஓடினார்கள். பிள்ளைகள் தையல் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தையல் நோட்டை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணித் துண்டுகளில் ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், லேசி டேசி, காஜா என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, அட்டைக்குக் கலர் தாள் போட்டுக் கொடுக்க வேண்டும். பலருக்கு அது பிடித்தே இருந்தது. மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாத ஒரே வகுப்பு, பேசிக்கொண்டே செய்யலாம். படிப்பில் கடைசிப் பெஞ்சில் இருந்தவள் அங்கே முதல் வரிசைக்கு வந்தாள். இந்த இன்பத்தைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். பெண்கள் மேல் திணித்தார்கள் என்பது உண்மை. திணித்ததைப் பெண்கள் ரசித்தார்கள் என்பதும் உண்மை. முதல் உண்மையை வைத்துக்கொண்டு இரண்டாவதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அந்த நோட்டிலிருந்து கூடத்துச் சுவருக்கு ஏறும் வயது பத்தாம் வகுப்பு முடிந்த வயது. தேறினாலும் தவறினாலும் ‘கல்யாணம் ஆகும்வரை’ என்று ஒரு காலம் அவளுக்கு இருந்தது. கல்லூரி தூரம், வேலைக்கு அனுப்ப மனமில்லை, மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒயர் கூடையும் குரோஷாவும் வந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்காருவார்கள். பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே அம்மா சுவரைக் காட்டுவார்: “எல்லாம் இவ கையால போட்டதுங்க. சும்மா இருக்கவே மாட்டா.” இந்தக் கடைசி வாக்கியம்தான் சான்றிதழ். கலைத்திறனைச் சொல்வதற்கு அல்ல அந்தக் கிளிகள். இந்தப் பெண் சும்மா இருக்கமாட்டாள், வாசலில் நிற்கமாட்டாள், ஜன்னலோரம் போகமாட்டாள் என்பதற்கான அத்தாட்சி. கைவேலை தெரியாத பெண்ணுக்காகப் பக்கத்து வீட்டு ‘வெல்கம்’ இரவலாக வந்த கதைகளும் ஊருக்கு ஒன்று உண்டு. அவற்றைச் சொல்லிச் சிரிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏமாற்றில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

‘எளிய கைவேலை’ என்று எழுதுகிறவர்கள் ஒரு கூடையையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கூடையை ரோல் கணக்கில்தான் சொல்வார்கள்: ஒரு ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை. அடியில் எத்தனை முடிச்சு, உயரம் எவ்வளவு, கைப்பிடிக்கு எவ்வளவு என்று மனதிலேயே போட்டுப் பார்த்து, ஒவ்வோர் ஒயரையும் முழம் போட்டு வெட்ட வேண்டும். வெட்டின பிறகு குறைந்தால் ஒட்டுப் போட்டால் தெரியும். கூடினால் ஒயர் வீண். சாதா முடிச்சு ஒரு கணக்கு, நெல்லிக்காய் முடிச்சு வேறு கணக்கு, சிவன் கண்ணுக்கு இன்னொன்று. இரண்டு நிறத்தில் கட்டம் வர வேண்டுமென்றால் ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்து அடி போட வேண்டும். இதையெல்லாம் கணக்கில் தவறி வீட்டோடு நின்ற பெண்கள் போட்டார்கள். ‘அவளுக்குக் கணக்கு வராது’ என்று ரிப்போர்ட் கார்டு சொன்ன அதே வருஷத்தில்.

கோலத்துக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் நீதி கிடைத்தது. 1970களில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்கள். புள்ளியும் கோடும் ஆய்விதழ்களுக்குள் போனது. ஒயர் கூடைக்கு அந்த யோகம் வரவில்லை. பிளாஸ்டிக் என்பதாலோ, அதில் ‘மரபு’ இல்லை என்பதாலோ. மரபு என்று சொல்லக்கூடியதைத்தான் நாம் கலை என்கிறோம். ரோஜா நிற ஒயரில் சீர்தட்டு மூடி பின்னினால் அது ‘டேஸ்ட்’ இல்லாத வேலை.

ஐஸ் குச்சி வீட்டுக்குப் பக்கத்தில், தீக்குச்சிகளை ஒட்டிக் கட்டிய சின்ன வீடும் பல ஷோகேஸ்களில் இருந்தது. தீப்பெட்டியைக் காலி செய்து, குச்சியின் மருந்தைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கட்டுவார்கள். அதே பருவத்தில் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் அதே வயதுச் சிறுமிகள் விடியற்காலை பஸ் ஏறித் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போனார்கள், அல்லது வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். அந்தத் தொழிலில் இருந்த குழந்தைகளில் பெண்பிள்ளைகளே அதிகம் என்பதை 1980களில் வந்த ஆய்வுகள் எழுதின. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்தச் சிறுமிகளின் விரல் வேகத்தையும் ‘பெண்பிள்ளைகளுக்கே உரிய நுணுக்கம்’ என்றுதான் முதலாளிகள் புகழ்ந்தார்கள். தென்காசி, முக்கூடல் வட்டாரத்தில் கதை இன்னும் நேரடியானது: பீடி சுற்றத் தெரிந்த பெண் என்பது அங்கே கல்யாணத் தகுதி. கூடத்துச் சுவரில் கிளி மாட்டத் தேவையில்லை. வாரத்துக்கு எத்தனை ஆயிரம் பீடி என்பதை மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துக்கொள்வார்கள்.

இந்த இரண்டு உலகங்களையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மரியா மீஸ். 1982இல் வெளியான அவருடைய நூல், ஒருகாலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த நரசாப்பூரின் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது. அங்கேயும் லேஸைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகளே. நாளெல்லாம் குனிந்து பின்னிய அந்தப் பெண்களை வியாபாரிகள் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்’ என்றார்கள். அதனால் கூலி, வயல் கூலியைவிடக் குறைவாக இருந்தும் யாருக்கும் உறுத்தவில்லை. லேஸ் வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. பெண்களும் தங்களை இல்லத்தரசிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். வெளியே போய் வேலை செய்யாதது அவர்களுக்கு ஒரு சாதிப் பெருமையாகவும் இருந்தது. ‘ஓய்வு நேரம்’ என்ற சொல்லே கூலியைக் குறைக்கும் ஒரு கருவி என்று மீஸ் காட்டியதை, நம் ஊர் ஒயர் கூடைக்கு அப்படியே பொருத்தலாம். ஒரு கூடைக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள் போகிறது. கடைக்காரர் ஒயர் விலையைக் கழித்துவிட்டுக் கொடுப்பதைக் கையில் வாங்கும்போது, “வீட்ல சும்மாதானே இருக்கீங்க” என்ற பேச்சும் கூடவே வரும்.

தமிழ்நாடு அரசும் கடைசியில் ஊசியைத்தான் நம்பியது. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டம், கணவனை இழந்தவர்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் என்று இன்றும் நடக்கிறது. பலருக்கு அது சோறு போட்டிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த இயந்திரம் வீட்டின் எந்த மூலையில் நிற்கிறது, எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும் திட்டத்தின் விண்ணப்பத்தில் இல்லை.

இனி அறைக்கு வருகிறேன். பெண்பிள்ளைகளுக்கான கைவேலைக் குறிப்புகள் எல்லாமே ‘உங்கள் அறையை அழகுபடுத்துங்கள்’ என்றுதான் தொடங்கும். எந்த அறை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒரே அறை உள்ள வீடுகளில் இருந்தன. இரண்டு மூன்று அறை உள்ள வீட்டிலும் அறை அப்பாவுக்கு, பரீட்சைக்குப் படிக்கும் அண்ணனுக்கு, கல்யாணமாகி வந்த அண்ணிக்கு. மகள் பாட்டியோடு கூடத்தில் பாய் விரிப்பாள். விடிந்ததும் சுருட்டி வைப்பாள். அவள் அழகுபடுத்தியது விருந்தாளி உட்காரும் இடத்தை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்ட தனி அறையை நாம் மேற்கோள் காட்டிக் காட்டியே தேய்த்துவிட்டோம். நம் மரபிலும் பெண்ணுக்கென்று தனியாக ஓர் அறை கட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

அதன் பெயர் குச்சு. பெண் வயதுக்கு வந்ததும் தாய்மாமன் பச்சை ஓலையும் கம்பும் கொண்டுவந்து வீட்டுக்கு வெளியிலோ முற்றத்திலோ கட்டுவார். அதற்குள் அவளுக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். பக்கத்தில் உலக்கை. ஒன்பது நாளோ பதினோரு நாளோ, சாதிக்கும் ஊருக்கும் ஏற்றபடி. அவள் பெயரைச் சொல்லி, அவள் அளவுக்கு, அவளுக்காக மட்டும் அந்த வீட்டார் கட்டும் ஒரே அறை. அதில் அவள் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. யாரைத் தொடலாம், எப்போது வெளியே வரலாம் என்பது அவள் கையில் இல்லை. கடைசி நாள் தண்ணீர் ஊற்றியதும் அதைப் பிரித்துப் போடுவார்கள். சில ஊர்களில் கொளுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் உள்ளே உட்கார்ந்து ஓலைக் கீற்றில் கிளியும் கிலுகிலுப்பையும் பின்னிக்கொண்டிருந்ததாகச் சொல்லும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். வேறு என்ன செய்ய?

குச்சுக்கு வெளியே அவளுக்குக் கிடைத்த சொந்த இடங்கள் மிகச் சின்னவை. விடுதியில் தகர டிரங்குப் பெட்டி. அதன் மூடியின் உட்பக்கம். பத்திரிகையிலிருந்து வெட்டிய சினிமாப் படம், தோழி கொடுத்த பொங்கல் வாழ்த்து, வீட்டிலிருந்து வந்த கடிதத்தின் உறை. மூடியைத் திறந்தால் அறை. மூடினால் எதுவும் இல்லை. வீட்டில் என்றால் அலமாரியின் ஒரு தட்டு, புத்தகப் பையின் உள் பாக்கெட், பாடநோட்டின் கடைசிப் பக்கம். கூடத்துச் சுவருக்குப் போட்ட கிளி பார்ப்பவர்களுக்காக. பெட்டி மூடியில் ஒட்டியது யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. முன்னதைத்தான் பள்ளி கற்றுக்கொடுத்தது. பின்னதை எந்தத் தையல் டீச்சரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சுவர் யாருடையது என்பது சட்டத்திலும் எழுதியிருந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்த மாற்றத்தை இங்கே பதினாறு வருஷம் முன்பே செய்தோம் என்று பெருமைப்படுகிறோம்; படலாம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்குப் பங்கில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. யார் அவர்கள்? 1970களில் கிராஸ் ஸ்டிச் போட்டவர்கள். ‘வெல்கம்’ தொங்கிய அதே சுவரில் அவர்களுக்கு ஒரு செங்கல்கூடச் சட்டப்படி சொந்தமில்லை. 2005இன் மத்தியச் சட்டத் திருத்தத்துக்கும் அதன்மேல் எழுந்த வழக்குகளுக்கும் பிறகு, 2020இல் உச்ச நீதிமன்றம் மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று தெளிவாக்கியது. அதற்குள் பல வீடுகள் பாகம் பிரிந்து, இடித்துக் கட்டி, விற்றும் போயிருந்தன. பல பெண்கள் ‘அண்ணனோடு எதற்கு வம்பு’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்யும்போது சட்டம் போட்ட அந்தக் கிளிகளை மட்டும், “அக்கா, இது நீ போட்டதுதானே, எடுத்துக்கோ” என்று தம்பி கொடுத்தனுப்பியிருப்பான்.

இன்று ‘ரூம் டெக்கர்’ என்று தேடினால் போனில் ஆயிரம் வீடியோ வருகிறது. பழைய பாட்டில், பழைய தாள், சணல் கயிறு. கூடவே சீரியல் பல்பு. கையில் பசை ஒட்டிக்கொள்ளும் சுகம் அதேதான். வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னைக்கும் கோவைக்கும் ஓசூருக்கும் வந்து, மூன்று கட்டில் போட்ட அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கும் பெண்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். விடுதிகளின் விதிப் பலகையில் இரவு திரும்பும் நேரத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, படம் ஒட்டக்கூடாது. அதனால் காகிதப் பூக்களை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிறார்கள். அந்த மாத வாடகையை அவரவர் சம்பளத்திலிருந்து அவரவரே கட்டுகிறார்கள்.